பாய்ன் ஆற்றங்கரையில் ட்ரிம்

வியாழன், இரவு

டப்ளினிலிருந்து வடமேற்கே ஒரு மணி நேரத்துக்கும் குறைவான தூரத்தில்தான் இருக்கிறது ட்ரிம். மீத் மாவட்டத்துச் சிற்றூர். அக்கா ஆஸ்பத்திரி ஷிஃப்ட் முடிந்து வந்ததும் காரை எடுத்துவிட்டோம். பெரிய சாலையை விட்டு இறங்கியதுமே மண்ணின் குணம் மாறுகிறது. இரு பக்கமும் ஹாதார்ன் வேலி, மே மாதக் கடைசி என்பதால் இலையே தெரியாத அளவுக்கு வெள்ளைப் பூ. அதற்கு அப்பால் மேய்ச்சல் நிலம், மாடுகள், மறுபடி வேலி.

"ரோட்டைப் பாக்காத, முன்னாடி பாரு, திடீர்னு வரும்" என்றாள் அக்கா. வந்தது. கடைத்தெருவும் பெட்ரோல் பங்க்கும் உள்ள சாதாரண ஊரின் நடுவில், எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் ஒரு சாம்பல் நிறக் கோட்டை எழுந்து நிற்கிறது. கோட்டை மதிலை ஒட்டியே சாலை போகிறது. பள்ளிச் சீருடையில் இரண்டு பிள்ளைகள் மதிலில் சாய்ந்து சிப்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

தங்கும் வீட்டுக்காரப் பாட்டி முதலில் டீ கொடுத்தார், பிறகுதான் சாவி. அயர்லாந்துக்காரர்கள் டீயை நம்மைப் போலவே நன்றாகக் கறுக்கவிட்டுப் பால் ஊற்றுகிறார்கள், அது எனக்குப் பெரிய ஆறுதல். "இப்பவே ஆத்துப் பக்கம் போங்க. வெயில் சாயற நேரத்துல மஞ்சள் கோபுரத்தைப் பாக்கணும். நாளைக்கு மழைன்னா கிடைக்காது" என்று எங்களைத் துரத்தாத குறையாக அனுப்பினார்.

மணி ஒன்பதைத் தாண்டியும் வெயில் இருந்தது. கோட்டைக்குப் பின்னால் பாய்ன் ஆற்றின் மேல் ஒரு நடைபாலம். அக்கரை மேட்டில் தனியாக நிற்கிறது அந்தக் கோபுரம். புனித மரியாள் மடாலயத்தின் மணிக்கூண்டு, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது, சுமார் 40 மீட்டர் உயரம். மடாலயத்தில் மிஞ்சியது பெரும்பாலும் இதுதான். இதுவும் முழுசாக இல்லை. ஒரு பக்கம் உச்சி வரை முழுச் சுவராக இருக்கிறது, சுற்றிப் போனால் மற்றப் பக்கம் கத்தியால் சீவியதுபோலப் பிளந்து உள்கூடு தெரிகிறது. 1649இல் இங்கிலாந்திலிருந்து கிராம்வெல் படை வந்தபோது சிதைந்தது. அதற்கும் முன்பு, இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றி காலத்தில் மடாலயங்களைக் கலைத்தபோதே, இங்கே இருந்த மரியாள் சிலையை எரித்துவிட்டார்கள். நோய் தீர்க்கும் சிலை என்று நாடெங்கிலும் இருந்து மக்கள் நடந்து வந்து கும்பிட்ட சிலை அது.

சாயும் வெயில் கல்லில் பட்டதும் சாம்பல் நிறம் போய் நல்ல மஞ்சளாகிவிட்டது. அந்த நிறம் பத்து நிமிடம் கூட நிற்கவில்லை.

வெள்ளி

பாட்டி சொன்னது பலித்தது, காலையிலிருந்து தூறல். கோட்டைக்கு அது ஒரு தடையே இல்லை.

இந்தக் கோட்டையைப் புரிந்துகொள்ள ஹியூ டி லேசி என்ற ஒரு மனிதரைப் பிடித்துக்கொண்டால் போதும். 1172இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் ஹென்றி மீத் ராஜ்ஜியம் முழுவதையும் இந்த நார்மன் பிரபுவுக்கு எழுதிக் கொடுத்தார். தன்னுடையதல்லாத நிலத்தை இன்னொருவருக்குத் தானம் கொடுத்த கதை. டி லேசி ஆற்றுத்துறையைக் காவல் காக்கிற மாதிரி இந்த மேட்டில் மண் கரையும் மரவேலியும் போட்டார். அடுத்த ஆண்டே அயர்லாந்தின் தலைமை அரசர் ரோரி ஓ'கானர் படையோடு வந்தார். காவலில் இருந்தவர்கள் உதவி கேட்டு ஆள் அனுப்பிப் பார்த்துவிட்டு, அது வந்து சேராததால் கோட்டைக்குத் தாங்களே தீ வைத்துவிட்டு ஓடினார்கள். அதன் பிறகுதான் டி லேசி கல்லில் இறங்கினார். அவர் தொடங்கியதை மகன் வால்டர் முடித்து வைக்க, மொத்தம் முப்பது ஆண்டுகள் ஆயின. அயர்லாந்தில் நார்மன்கள் கட்டியதிலேயே பெரிய கோட்டை என்று இதைச் சொல்கிறார்கள்.

நடுவில் உள்ள பெரிய கட்டடத்துக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போக முடியும். வெளியே நின்று எண்ணிப் பார்க்கச் சொன்னார் அந்த வழிகாட்டிப் பெண். சதுரமான நடுக்கட்டடம், கட்டியபோது நான்கு பக்கமும் ஒவ்வொரு சிறு கோபுரம் ஒட்டியிருக்க, மொத்தம் இருபது மூலை. மேலிருந்து பார்த்தால் சிலுவை வடிவம். போர்த் தந்திரமாக யோசித்தால் இது நல்ல வடிவமே இல்லை என்றார். மூலை எவ்வளவு கூடுகிறதோ, கல்லைத் தோண்டி எடுக்க எதிரிக்கு அவ்வளவு இடம் கிடைக்கும். அப்படியானால் ஏன் கட்டினார்கள்? பார்க்கிறவன் மிரள வேண்டும் என்பதற்காக. எனக்கு அந்த விளக்கம் முழுக்கச் சரியாகப் பட்டது. ஊரின் எந்தத் தெருவில் நின்றாலும் இந்தக் கட்டடம் நம்மைப் பார்ப்பதுபோலவே இருக்கிறது.

உள்ளே கூரையும் தளமும் போய்விட்டன. அந்தரத்தில் இரும்பு நடைபாதை போட்டிருக்கிறார்கள். அதில் நின்று எதிர்ச்சுவரைப் பார்த்தால் வரிசையாகச் சதுரத் துளைகள். சாரம் கட்ட மரக்கட்டை செருகிய துளைகள் அவை. எண்ணூறு ஆண்டு கழித்தும் சில துளைகளில் கட்டைத் துண்டு மிஞ்சியிருந்ததாம். அதன் ஆண்டு வளையங்களை எண்ணித்தான் கட்டட வேலை 1170களிலேயே தொடங்கிவிட்டது என்று உறுதி செய்தார்கள். பெரிய பிரபுக்களின் பெயரெல்லாம் ஆவணத்தில் இருக்கிறது. சாரம் கட்டினவன் விட்டுப்போன கட்டை கோட்டையின் வயதைச் சொல்லியிருக்கிறது. அந்தத் துளைகளை விட்டு எனக்குக் கண்ணை எடுக்க முடியவில்லை.

டி லேசியின் முடிவையும் சொல்லிவிடுகிறேன். 1186இல் டர்ரோ என்ற இடத்தில் இன்னொரு கோட்டை கட்டிக்கொண்டிருந்தார். பழைய மடாலயம் ஒன்றின் நிலம் அது. வேலையைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞன் மறைத்து வைத்திருந்த கோடரியை எடுத்து ஒரே வெட்டில் தலையைத் துண்டித்துவிட்டு ஓடிவிட்டான். இந்தக் கதையின் மிச்சம் ஞாயிற்றுக்கிழமை பெக்டிவ் மடாலயத்தில் வரும்.

1399இல் இரண்டாம் ரிச்சர்ட் அரசர் ஒரு சிறுவனை இங்கே காவலில் விட்டுப் போனார். அவன்தான் பிற்பாடு இங்கிலாந்து அரசர் ஐந்தாம் ஹென்றி. 1970களில் தொல்லியலாளர்கள் தோண்டியபோது தலையில்லாத பத்து ஆண்களின் எலும்புகள் கிடைத்தன. திருடர்களின் தலையை வெட்டலாம் என்று 1465இல் வந்த சட்டத்தோடு அதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். மாடிப்படி சுருண்டு சுருண்டு உச்சிக்குப் போகிறது. அங்கே மழை முகத்தில் அறைந்தது, ஆனாலும் பாய்ன் வளைந்து போகும் பாதை முழுசாகத் தெரிந்தது. கிழக்கே ஒரு மைல் தள்ளி, ஆற்றின் வளைவில் இன்னொரு இடிபாடு. "நாளைக்கு அங்கதான்" என்றாள் அக்கா.

சனி

மழை விட்டுவிட்டது. கோட்டைக்கு அருகிலிருந்து ஆற்றோரமாகவே, நேற்று உச்சியிலிருந்து பார்த்த இடிபாடு இருக்கும் நியூடவுனுக்கு ஒரு நடைபாதை உண்டு. வழியில் வருவது போர்ச்ஃபீல்ட்ஸ் என்னும் இடைக்காலப் பொது வயல். இப்போது புல்தான், ஆனால் காலை வெயில் சாய்வாக விழும்போது பழைய உழவுச் சால்களின் மேடு பள்ளம் நிழலாகத் தெரிகிறது. நாய்களை நடத்திக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் ஒரு வார்த்தை பேசாமல் கடக்கவில்லை. பேச்சு வானிலையில் தொடங்கி "நீங்க எந்த ஊர்?" என்பதில் முடியும். நாங்கள் சென்னை என்றதும் ஒருவர் மகிழ்ந்துபோய்த் தன் தங்கைக்குப் பிரசவம் பார்த்த நர்ஸ் கேரளா என்று சொன்னார். அக்காவுக்கு முகம் மலர்ந்துவிட்டது.

நியூடவுனில் 1206இல் சைமன் டி ரோஷ்ஃபோர்ட் என்ற பிஷப் எழுப்பிய கதீட்ரல் ஒரு காலத்தில் அயர்லாந்தின் மிகப் பெரிய தேவாலயங்களில் ஒன்று. இப்போது சில சுவர்கள், சில மெல்லிய ஜன்னல்கள், சுற்றிலும் கல்லறைகள். நுழைவுக் கட்டணமோ காவலாளியோ இல்லை.

கதீட்ரலை ஒட்டிய சின்னக் கோவிலின் இடிபாட்டுக்குள் இருக்கும் ஒரு கல்லறைக்காக மட்டுமே நான் ட்ரிம்முக்கு மறுபடி வருவேன். 16ஆம் நூற்றாண்டில் பெரிய நீதிபதியாக இருந்த சர் லூக் டில்லனும் அவர் மனைவி ஜேன் பாத்தும் கல்லில் மல்லாந்து படுத்திருக்கிறார்கள். அவருக்குக் கவசம், அம்மாவுக்குக் கழுத்தைச் சுற்றி மடிப்பு மடிப்பான பட்டி, நீளப் பாவாடை. கூரை இல்லாததால் மழை நானூறு ஆண்டாக இருவர் முகத்தையும் தேய்த்திருக்கிறது. இருவருக்கும் நடுவில், தொடாதபடி பிரித்து, ஒரு நீண்ட வாள். அதனால் ஊர்க்காரர்கள் இதைப் பொறாமைக்காரத் தம்பதி கல்லறை என்றே சொல்கிறார்கள். மனைவி தவறிவிட்டாள் என்று ஒரு கதையும் கட்டிவிட்டார்கள்.

அருகே போய்க் குனிந்து பார்த்தால் அந்த வாளின் இரு பக்கப் பள்ளத்திலும் குண்டூசிகள். பளபளவென்று புதுசு சில, பாதி துருப்பிடித்தவை சில, தொட்டால் உதிர்கிற அளவுக்குப் பழுப்பானவை பல. மருவில் ஒரு குண்டூசியைத் தேய்த்து இந்த இரண்டு பேருக்கும் நடுவே போட்டுவிட வேண்டும். ஊசி துருப்பிடிக்கப் பிடிக்க மரு கரைந்துவிடும். நர்ஸ் என்ற முறையில் அக்கா ஏதாவது சொல்வாள் என்று பார்த்தேன். அவள் தன் ஹேண்ட்பேக்கில் ஊசி இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருந்தாள். மழைநீர் தேங்கிய பள்ளத்தில் துரு கலந்து, ஜேன் அம்மாவின் கல் ஆடை ஓரமெல்லாம் செம்பழுப்பாக இருந்தது. நீதிபதி குடும்பம் தன் பெருமைக்காகச் செதுக்கி வைத்ததை, சாதாரண ஜனங்கள் தங்கள் தேவைக்கு எடுத்துக்கொண்டுவிட்டார்கள்.

மத்தியானம் ஊருக்குள். மஞ்சள் கோபுரத்துக்குப் பக்கத்திலேயே டால்பட் மாளிகை, 1415இல் சர் ஜான் டால்பட் மடாலயக் கட்டடத்தின் ஒரு பகுதியை மாற்றிக் கட்டியது. பிற்காலத்தில் எழுத்தாளர் ஜோனத்தன் ஸ்விஃப்ட் கைக்கு வந்து, பிறகு பள்ளிக்கூடமானது. அந்தப் பள்ளியை நடத்திய பாதிரியாரின் சகோதரர் மகன் வில்லியம் ரோவன் ஹாமில்டன் மூன்று வயதிலிருந்து இங்கே வளர்ந்தவர். அந்தப் பாதிரியார் சொல்லிக் கொடுத்து, பதின்ம வயதுக்குள் சமஸ்கிருதம், பாரசீகம், அரபி, ஹிந்துஸ்தானி என்று படித்தார். பிற்பாடு கணிதத்துக்குப் போய் 1843இல் குவாட்டர்னியன் என்ற நான்கு பகுதி கொண்ட எண்களைக் கண்டுபிடித்தார். இன்று விண்கலம் எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று கணக்கிடவும், கணினி விளையாட்டில் பொம்மையைச் சுழற்றவும் அதுதான்.

அந்தப் பள்ளியில் அவருக்கு முன்னால் படித்த இன்னொரு பையன் ஆர்தர் வெல்லெஸ்லி. பிற்காலத்து வெலிங்டன் பிரபு. ஊர் நடுவே 1817இல் எழுப்பிய உயரமான தூண் அவருக்கு. 1790இலிருந்து ட்ரிம் தொகுதியின் உறுப்பினராக டப்ளின் நாடாளுமன்றத்தில் இருந்தார். பிறகு இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார். திப்பு சுல்தானுக்கு எதிரான போரில் சென்னையிலிருந்து தயாரான படையில் இருந்தவர். நீலகிரியில் ஒரு ஊரே அவர் பெயரில் இருக்கிறது. குன்னூர் போகிற வழியில் எத்தனையோ முறை அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் நடந்த தெரு இது என்று எண்ணியபோது, டி லேசியின் கோட்டைக்கும் இந்தத் தூணுக்கும் நடுவே உள்ள அறுநூறு ஆண்டு ஒரே கோடாகத் தெரிந்தது. பிடித்த ஊரிலிருந்தே அடுத்த நாட்டைப் பிடிக்கப் போயிருக்கிறார்கள்.

ஞாயிறு

பாட்டி சுட்ட சோடா ரொட்டியும் வெண்ணெயும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினோம். ட்ரிம்முக்கும் தாரா குன்றுக்கும் இடையில் ஆற்றோரம் இருக்கிறது பெக்டிவ் மடாலயம். 1147இல் மீத் அரசர் சிஸ்டர்சியன் என்ற கத்தோலிக்கப் பிரிவின் துறவிகளுக்காக நிறுவியது. மேய்ச்சல் நிலத்தின் நடுவே நிற்கிறது, யாரும் எப்போதும் போகலாம். 15ஆம் நூற்றாண்டில் கட்டிய உள்முற்றத் தாழ்வாரத்தின் வளைவுகள் அழகு. ஒரு தூணில் கையில் கோலோடு ஒரு குட்டித் துறவி செதுக்கியிருக்கிறார், தேடினால்தான் கிடைப்பார்.

டி லேசியின் உடல் கடைசியில் இங்கேதான் வந்தது, 1195இல். தலை மட்டும் டப்ளினில் இன்னொரு மடாலயத்துக்குப் போனது. தலை எங்களிடம் இருக்கிறது, உடலையும் கொடுங்கள் என்று அவர்கள் கேட்க, வழக்கு பல ஆண்டு நடந்து, 1205இல் தீர்ப்பு டப்ளின் பக்கம் ஆனது. உடலைத் தோண்டி எடுத்துக் கொண்டுபோனார்கள்.

அங்கிருந்து தாரா கால் மணி நேரம். தாராவுக்குப் போய்விட்டு வந்த அக்காவின் தோழிகள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்களாம்: "அங்க ஒண்ணுமே இல்ல, வெறும் புல்லு." எனக்கு இந்தப் பயணத்தின் உச்சமே தாராதான். ஏன் என்று சொல்லப் பார்க்கிறேன்.

நார்மன்கள் வருவதற்கு வெகு காலம் முன்பே அயர்லாந்தின் தலைமை அரசர்களோடு பெயர் சேர்ந்த குன்று இது. கோட்டையோ அரண்மனையோ கிடையாது. புல் மூடிய வட்டக் கரைகள், அகழிகள், மேடுகள் மட்டும். அவற்றில் சிலவற்றைச் சுற்றி ஒரு பெரிய வட்டக் கரை. ஏறி இறங்கும்போது கால்தான் சரித்திரத்தைப் படிக்கிறது. இங்கே ஒரு பள்ளம், இது அகழி. இங்கே மூச்சு வாங்குகிறது, இது கரை. மிகப் பழையது பிணையாளிகள் மேடு என்று பெயர்பெற்ற சிறு குன்று, கி.மு. 3000 வாக்கில் கட்டிய கல்லறை. கம்பிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தால் உள்ளே வட்டம் வட்டமாகச் செதுக்கிய ஒரு கல். நவம்பர், பிப்ரவரித் தொடக்கங்களில் உதிக்கும் சூரியன் உள்ளே விழுமாம். இந்த மேட்டில் வெண்கலக் காலத்து இளைஞன் ஒருவனின் எலும்புக்கூடு கிடைத்தது. கழுத்தில் அம்பர், வெண்கலம், கறுப்புக் கல், பளிங்குப் பூச்சு மணிகள் சேர்த்துக் கோத்த மாலை.

குன்றின் உச்சியில் ஆள் உயரத்துக்குக் குறைவாக ஒரு கல், லியா ஃபால். உரிய அரசன் தொட்டால் கல் கூவும் என்பது பழங்கதை. முன்பு வேறு இடத்தில் இருந்த இந்தக் கல்லை இங்கே கொண்டுவந்து நட்டதற்குக் காரணம் உண்டு. 1798 மே 26 அன்று ஆங்கில ஆட்சியை எதிர்த்துக் கிளம்பிய விவசாயிகள் இதே குன்றில் சுடப்பட்டு இறந்தார்கள். அவர்களைப் புதைத்த இடத்துக்கு அடையாளமாக, அரசர்களின் கல்லை எடுத்துவந்து வைத்தார்கள். அடுத்த ஆண்டு மே 4 அன்றுதான் திப்புவின் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. கல்லின் மேல் கை வைத்தபோது சில்லென்று, மழுமழுவென்று இருந்தது. எத்தனை கை பட்டதோ.

1843 ஆகஸ்ட் 15 அன்று டேனியல் ஓ'கானல் அயர்லாந்துக்குத் தனி நாடாளுமன்றம் கேட்டு இங்கே கூட்டம் போட்டார். மக்கள் லட்சக்கணக்கில் நடந்து வந்தார்கள். மண்டபமோ மேடையோ இல்லாத இந்தப் புல்வெளியைத்தான் அவர் தேர்ந்தெடுத்தார். 1899இலிருந்து 1902 வரை பைபிளில் வரும் உடன்படிக்கைப் பெட்டி இங்கே புதைந்திருக்கிறது என்று நம்பிய ஒரு கூட்டம் கண்டபடி தோண்டிக் குதறியது. கவிஞர் யேட்ஸ், டக்ளஸ் ஹைட் முதலானோர் எதிர்த்து எழுதினார்கள். ஒரு கல் கட்டடம் கூட இல்லாத மேட்டுக்காக அத்தனை பேர் வரிந்துகட்டி நின்றிருக்கிறார்கள். ட்ரிம் கோட்டையைப் பார்த்து வியந்தேன். தாராவில் அயர்லாந்துக்காரர்களுக்குக் கோபம் வருகிற இடம் எது என்று புரிந்தது.

இறங்கும் வழியில் ஒரு ஹாதார்ன் மரம். கிளையெல்லாம் ரிப்பன், கைக்குட்டை, குழந்தையின் காலுறை. நம் அம்மன் கோவில் மரத்தில் தொட்டில் கட்டியிருப்பது போலவே. அக்கா துப்பட்டா ஓரத்திலிருந்து ஒரு நூலை இழுத்துக் கட்டினாள். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

திங்கள்

நியூகிரேஞ்ச், கற்காலக் கல்லறை மேடு. பாய்ன் ஆறு ட்ரிம்மைத் தாண்டி, நேவனைத் தாண்டி, ஸ்லேனைத் தாண்டி வளைகிற இடம். நேராகக் கல்லறைக்குக் காரில் போக முடியாது. தென்கரையில் உள்ள பார்வையாளர் மையத்தில் நிறுத்திவிட்டு, ஆற்றைப் பாலத்தில் கடந்து, அவர்களுடைய பேருந்தில் போக வேண்டும்.

கி.மு. 3200 வாக்கில் கட்டியது. எகிப்தின் பெரிய பிரமிடுக்கும் மூத்தது. 85 மீட்டர் விட்டமுள்ள மேடு, அடியைச் சுற்றி 97 பெருங்கற்கள். முகப்பு முழுக்க வெள்ளைப் படிகக் கல். கீழே சிதறிக் கிடந்த கற்களை 1960, 70களில் பேராசிரியர் ஓ'கெல்லி இப்படிச் செங்குத்துச் சுவராக அடுக்கினார். ஐயாயிரம் ஆண்டுக்கு முன் இப்படித்தான் இருந்ததா என்று அறிஞர்கள் இன்றும் சண்டை போடுகிறார்கள். என் கண்ணுக்கும் அந்தச் சுவர் கொஞ்சம் அதிகமாகவே புதுசாகத் தெரிந்தது. வாசலில் குறுக்கே கிடக்கும் சுழிகள் செதுக்கிய கல் வேறு தரம். உலோகமே அறியாதவர்கள் கல்லால் கல்லைக் கொத்திச் செய்த சுழிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கண் தானாக நழுவுகிறது.

உள்ளே 19 மீட்டர் இடுக்குப் பாதை. பக்கவாட்டில் திரும்பி, தலை குனிந்து போக வேண்டும். தரை தெரியாமலே மேலே ஏறுகிறது. முடிவில் ஓர் அறை, கல்லை உள்நோக்கி நீட்டி நீட்டி அடுக்கி மூடிய ஆறு மீட்டர் உயரக் கூரை. சாந்து கிடையாது, இன்று வரை ஒழுகியதும் இல்லை. வழிகாட்டி விளக்கை அணைத்தார். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான். பிறகு வாசல் பக்கமிருந்து ஒரு மெல்லிய ஒளிக்கோடு தரையில் ஊர்ந்து வந்தது. மின்விளக்கால் காட்டியதுதான். உண்மையான ஒளி டிசம்பர் 21ஐ ஒட்டிய சில விடியலில் மட்டும், வாசலுக்கு மேலே உள்ள கல் ஜன்னல் வழியாக வந்து 17 நிமிடம் இருக்கும். நவீன காலத்தில் அதை முதலில் பார்த்தவர் ஓ'கெல்லி, 1967இல், இருட்டில் தனியாக உட்கார்ந்திருந்து. வருஷத்திலேயே நீண்ட இரவு முடிகிற நேரத்தை ஐயாயிரம் ஆண்டுக்கு முன் குடியானவர்கள் கல்லில் பிடித்து வைத்திருக்கிறார்கள். எங்களோடு வந்த ஒரு சின்னப் பெண் "இன்னொரு தடவை" என்றாள், வழிகாட்டி இன்னொரு தடவை காட்டினார்.

போக நினைப்பவர்களுக்கு: நியூகிரேஞ்ச் டிக்கெட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள், கோடையில் அன்றைக்குப் போய் நின்றால் கிடைப்பது கஷ்டம். ட்ரிம்மில் கோட்டைக்குள் போகவும் காலையிலேயே போங்கள். டப்ளினிலிருந்து ட்ரிம்முக்குப் பேருந்து உண்டு, ஆனால் பெக்டிவ், தாரா இரண்டுக்கும் கார் இருந்தால்தான் நிம்மதி. தாராவுக்கு மழை பெய்து ஓய்ந்த மறுநாள் என்றால் முழங்கால் வரை பூட்ஸ் வேண்டும், அரை நாளாவது ஒதுக்குங்கள். நியூடவுனுக்குப் போகும்போது ஒரு குண்டூசி எடுத்துப்போங்கள்.